பீரோ மேல் தூங்குது கோயமுத்தூர்!

பழைய படங்களைக் காப்பாற்றும் மியூசியம்... புதிய படங்களை எடுக்கச் சொல்லித் தரும் பள்ளி... இரண்டுக்கும் நடுவில் கொங்குநாட்டுத் தெருக்கள்!

கொங்குநாட்டுப் பழைய வீடுகளின் ஆசாரத்துச் சுவரில், சட்டம் போட்ட கறுப்பு வெள்ளைப் படங்கள் வரிசையாகத் தொங்கும். கோட்டுப் போட்ட மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் பெண் நின்றிருப்பார். பின்னால் துணியில் வரைந்த மாளிகைத் தூண். நடுவில் ஒரு ஸ்டூல், அதன் மேல் பூச்சாடி. மாப்பிள்ளையின் கைக்கடிகாரம் மட்டும் நன்றாகத் தெரியும்படி கை முன்னால் நீட்டப்பட்டிருக்கும்.

''இது யாருங்க?'' என்று கேட்டால், ''அப்புச்சியோட தங்கச்சியும் மாப்பிள்ளையுமுங்க'' என்று பதில் வரும். பெயர்? அதற்குள் இருக்கும் பெரியவரைக் கூப்பிட வேண்டும். அந்தப் பெரியவரும் போய்விட்டால், படம் இருக்கும். படத்தில் இருப்பவர் யார் என்று சொல்ல ஆள் இருக்காது. வீட்டை இடித்துக் கட்டும்போது சுவரில் இருந்த படம் பீரோ மேலே போகும். அங்கிருந்து அட்டைப்பெட்டிக்கு. அப்புறம் பழைய பேப்பர் கடைக்கு.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. ஸ்டூடியோக்கள், பத்திரிகை போட்டோகிராபர்கள், மில்கள், பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றின் படங்களும் இப்படித்தான் கரைந்து கொண்டிருக்கின்றன. இதைத் தடுக்க என்ன வழி? 'படங்களைச் சேர்த்துப் பூட்டி வைத்தால் போதாது. எல்லோருக்கும் காட்ட வேண்டும். எடுக்கவும் கற்றுத் தர வேண்டும்' என்று ஓர் இடம் வழி காட்டியிருக்கிறது. டெல்லியை ஒட்டிய குருகிராமில் இருக்கிறது அது. பெயர், 'மியூசியோ கேமரா'.

குப்பையில் தேடிய மனிதர்

அந்த மியூசியத்தின் கதை, குல்வந்த் ராய் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரரிடம் இருந்து தொடங்குகிறது. 1914-ல் பஞ்சாபில் பிறந்தவர். சுதந்திரப் போராட்டக் காலத்தில் காந்தி, நேரு, படேல், ஜின்னா என்று எல்லாத் தலைவர்களையும் மிக அருகில் இருந்து படமெடுத்தவர். மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டியில் இருந்தபடி காந்தி கை நீட்டி நிதி திரட்டுவதும், காந்தியும் ஜின்னாவும் காரசாரமாக விவாதிப்பதும் அவர் கேமராவில் பதிந்தவை.

1958-ல் உலகைச் சுற்றக் கிளம்பினார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள், முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள். எடுத்த படங்களையும் நெகட்டிவ்களையும் அவ்வப்போது பார்சல் கட்டி டெல்லியில் இருந்த தன் முகவரிக்கே தபாலில் அனுப்பி வந்தார். திரும்பி வந்து பார்த்தால்... பார்சல்கள் எதுவும் வந்து சேரவில்லை. யாரோ எடுத்து வீசியிருப்பார்களோ என்ற சந்தேகத்தில், டெல்லியின் குப்பை மேடுகளில் தன் நெகட்டிவ்களைத் தேடி அலைந்தார் அந்த மனிதர். கிடைக்கவே இல்லை.

மிச்சம் இருந்த படங்களைப் பெட்டிகளில் போட்டு, தன் குடும்பத்துக்கு நெருக்கமான ஓர் இளைஞரிடம் விட்டுவிட்டு 1984-ல் மறைந்தார். அந்த இளைஞர்தான் ஆதித்ய ஆர்யா. விளம்பரப் படங்கள் எடுப்பதில் பெயர் வாங்கியவர். பெட்டிகள் இருபது ஆண்டுகளுக்கு மேல் அவரிடம் மூடியே கிடந்தன. ஒருநாள் திறந்து, ஒவ்வொரு நெகட்டிவாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, உள்ளே இந்தியாவின் வரலாறு இருந்தது. அவற்றைச் சுத்தம் செய்து, ஸ்கேன் செய்து, எந்த ஊர், எந்த ஆண்டு, யார் யார் என்று தேடிக் குறித்து, 2010-ல் புத்தகமாகவும் கொண்டு வந்தார்.

ஆர்யாவுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. பழைய கேமரா எங்கே கண்ணில் பட்டாலும் வாங்கி விடுவார். வீட்டின் கீழ்த்தளத்தில் அவற்றை அடுக்கி வைத்து, வருகிறவர்களுக்குக் காட்டிக் கொண்டிருந்தார். அந்தச் சேகரிப்புதான் 2019-ல் குருகிராம் மாநகராட்சியுடன் கை கோத்து, 18,000 சதுர அடியில் 'மியூசியோ கேமரா'வாக வளர்ந்தது.

மியூசியத்துக்குள் ஒரு வகுப்பறை

உள்ளே 2,500-க்கும் மேற்பட்ட கேமராக்களும் கருவிகளும் இருக்கின்றன. 19-ம் நூற்றாண்டின் மரப்பெட்டிக் கேமரா முதல், போர் விமானத்தில் வைத்துப் படமெடுத்த கேமரா வரை வரிசை கட்டி நிற்கின்றன. ஆனால் 'கண்ணாடிக்குள் பார், கையை வைக்காதே' என்பதோடு இந்த மியூசியம் நிற்கவில்லை. இங்கே வகுப்புகள் நடக்கின்றன. கண்காட்சிகள் மாறிக் கொண்டே இருக்கின்றன. செல்போனில் மட்டுமே படமெடுத்துப் பழகிய பிள்ளைகள், இருட்டறைக்குள் நின்று வெள்ளைத் தாளில் ஓர் உருவம் மெல்ல எழுந்து வருவதைக் கண்ணால் பார்க்கிறார்கள்.

அந்த அனுபவத்தால் என்ன லாபம்? ஃபிலிம் என்பது வெள்ளி உப்புகள் பூசிய ஒரு தகடு. வெளிச்சம் பட்ட இடத்தில் வெள்ளி கறுக்கிறது, படாத இடம் வெளுக்கிறது. இந்த ஒரு விஷயம் புரிந்தால், தாத்தா காலத்து நெகட்டிவை ஏன் ஈரத்தில் வைக்கக் கூடாது, ஏன் விரலால் தடவக் கூடாது என்பது தானாகப் புரிந்து விடும். எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்தவர்தான் அதைக் காப்பாற்றுவார். மியூசியத்துக்குள் பள்ளி இருக்க வேண்டிய காரணம் இதுதான்.

உலகத்திலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 'கோடக்' நிறுவனத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஈஸ்ட்மேன் வாழ்ந்த வீடு, அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் 1949 முதல் புகைப்பட மியூசியமாக இருக்கிறது. பழைய சினிமா ஃபிலிம்களைக் காப்பது எப்படி என்று சொல்லித் தரும் பள்ளியை 1996-ல் அங்கேயே தொடங்கினார்கள். சேகரிப்பவரும் கற்றுக் கொடுப்பவரும் ஒரே கூரையின் கீழ்!

ஊட்டி ஃபிலிம், கோவை கேமரா

'டெல்லிக்கும் அமெரிக்காவுக்கும் சரி, நம்ம ஊருக்கும் போட்டோவுக்கும் என்ன உறவு?' என்று கேட்கலாம். உறவு நிறையவே இருக்கிறது.

கோவையில் இருந்து மலையேறினால் ஊட்டி. அங்கே 1860-களிலேயே ஏ.டி.டபிள்யூ. பென் என்ற ஆங்கிலேயர் புகைப்படத் தொழில் செய்தார். நீலகிரியின் மலைகள், தோடர்களின் குடியிருப்புகள், அன்றைய ஊட்டியின் வீதிகள் என்று அவர் எடுத்தவை, அந்த மலை அன்று எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சியாக இன்று நிற்கின்றன.

இந்தியாவுக்கான ஃபிலிமும் அதே ஊட்டியில்தான் தயாரானது. 1960-ல் மத்திய அரசு தொடங்கிய 'இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ்' ஆலையில் 1967-ல் உற்பத்தி ஆரம்பித்தது. தூசு குறைந்த, குளிர்ந்த காற்று ஃபிலிம் தயாரிக்க ஏற்றது. 'இந்து' என்ற பெயரில் வந்த ஃபிலிம் ரோல்களும் போட்டோ பேப்பரும் ஊர் ஊராக ஸ்டூடியோக்களுக்குப் போயின. ஆஸ்பத்திரிகளின் எக்ஸ்ரே ஃபிலிமும் அங்கிருந்து வந்தது. ஆலை இருந்த பகுதிக்கு 'இந்து நகர்' என்றே பெயர். டிஜிட்டல் வந்து ஃபிலிமின் காலம் முடிந்தது. ஆலையும் நலிந்து மூடப்பட்டது. தமிழ்நாட்டின் எத்தனையோ கல்யாண ஆல்பங்கள் மட்டும் இன்னும் இருக்கின்றன.

மலைக்குக் கீழே கோவைக்கு வந்தால், சாமிக்கண்ணு வின்சென்ட். ரயில்வேயில் வரைவாளராக வேலை பார்த்தவர். 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் இருந்து புரொஜெக்டரை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டு மௌனப் படங்களைக் காட்டினார். 1914-ல் கோவையில் அவர் கட்டிய 'வெரைட்டி ஹால்' தியேட்டரின் பெயரைத்தான் அந்தச் சாலை இன்றும் தாங்கி நிற்கிறது.

அடுத்து ஜி.டி.நாயுடு. மோட்டாரும் பஸ்ஸும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் கையில் கேமராவும் இருந்தது. வெளிநாடு போகும்போதெல்லாம் படம் பிடித்து வந்தார். 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தானே படமெடுத்தார். கேமராவில் தூரத்தைச் சரி செய்யும் கருவி ஒன்றும் அவர் உருவாக்கியவற்றில் உண்டு.

பள்ளியும் இருக்கிறது. ஊட்டிக்கு அருகே லவ்டேலில் 'லைட் அண்ட் லைஃப் அகாடமி' 2001 முதல் புகைப்படத்தை முழுநேரத் தொழிலாகக் கற்றுத் தருகிறது. விளம்பரப் புகைப்படக்காரர் இக்பால் முகமதுவும் அவர் மனைவி அனுராதாவும் தொடங்கியது. இன்று கோவையில் விஷுவல் கம்யூனிகேஷன் சொல்லித் தரும் கல்லூரிகளும் உண்டு. காருக்கு 'ஜீடி கார் மியூசியம்', நெசவுக்குக் கஸ்தூரி சீனிவாசன் ஜவுளி அருங்காட்சியகம் என்று சேகரித்துக் காட்டும் மரபும் அவினாசி ரோட்டிலேயே இருக்கிறது.

ஆக, ஃபிலிம், கேமரா, பள்ளி, மியூசியம் நடத்தும் பழக்கம் எல்லாமே இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பீரோ மேல் இருக்கும் படங்கள் கீழே இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

புதுச்சேரி காட்டிய வழி

அப்படி இறக்கும் வேலையை ஒரு குழு செய்திருக்கிறது. புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தமிழ்நாட்டின் பழைய போட்டோ ஸ்டூடியோக்களைத் தேடிப் போனது. அழியும் நிலையில் உள்ள ஆவணங்களைக் காக்க லண்டன் பிரிட்டிஷ் நூலகம் நடத்தும் திட்டத்தின் உதவியோடு, 1880 முதல் 1980 வரையிலான தமிழ் ஸ்டூடியோப் படங்களை டிஜிட்டல் வடிவில் சேகரித்தார்கள்.

இந்த வேலையில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 'உங்கள் படத்தைக் கொடுங்கள், நாங்கள் எடுத்துக் கொண்டு போகிறோம்' என்பது அல்ல இந்தத் திட்டத்தின் முறை. மூலப்படம் அந்த ஊரை விட்டு, நாட்டை விட்டுப் போவதில்லை. டிஜிட்டல் நகல் மட்டும் எடுக்கப்படுகிறது. அந்த நகல் ஆராய்ச்சியாளர்களும் பொதுமக்களும் பார்க்கும்படி இலவசமாகப் பகிரப்படுகிறது. பாட்டியின் படம் பேத்தி வீட்டிலேயே இருக்கும், உலகமும் பார்க்கும்.

எதற்கு அவ்வளவு அவசரம்? பழைய நெகட்டிவ்களுக்கு எதிரிகள் அதிகம். மழைக்கால ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். அசிட்டேட் ஃபிலிம் கெட ஆரம்பித்தால் வினிகர் வாடை அடிக்கும், சுருங்கும், அப்புறம் மீட்க முடியாது. ஃபிலிமில் இருக்கும் கொஞ்சூண்டு வெள்ளிக்காக எடைக்குப் போட்டவை உண்டு. கண்ணாடித் தகட்டு நெகட்டிவ் என்றால், மேலே இருக்கும் உருவத்தைச் சுரண்டிவிட்டு வெறும் கண்ணாடியாகப் பயன்படுத்திய கதைகள் உலகம் முழுக்க உண்டு. ஒரு முகம் இருந்த இடத்தில் வெறும் கண்ணாடி!

ஸ்டூடியோப் படங்களைப் பார்த்தால் அந்தக் காலத்தின் ஆசைகளும் தெரியும். சொந்தமாக சைக்கிள் இல்லாதவர் ஸ்டூடியோ சைக்கிளோடு நிற்பார். படிக்கத் தெரியாதவர் கையில் புத்தகம் இருக்கும். 'இப்படி இருக்க வேண்டும்' என்று ஒருவர் நினைத்த கணம் அது. ஆனால் 'எப்படி இருந்தார்' என்பது ஸ்டூடியோவுக்குள் கிடைக்காது. அதற்குத் தெருவுக்கு வர வேண்டும்.

தெருவே பாடம்

'ஸ்ட்ரீட் போட்டோகிராபி' என்று இன்று பேசுகிறார்களே, அது இதுதான். போஸ் கிடையாது, லைட் கிடையாது, மேக்கப் கிடையாது. பொது இடத்தில் நடக்கிற வாழ்க்கையை, நடக்கிறபடியே படமாக்குவது. 1925-ல் ஜெர்மனியில் 'லைக்கா' என்ற கைக்கு அடக்கமான கேமரா விற்பனைக்கு வந்த பிறகு இந்தக் கலைக்கு இறக்கை முளைத்தது. ஸ்டாண்டைத் தூக்கிக் கொண்டு அலைய வேண்டாம். சட்டைப் பையில் போட்டுக் கொண்டு நடக்கலாம்.

அந்தச் சின்னக் கேமராவோடு உலகம் சுற்றியவர் பிரான்சின் ஹென்றி கார்த்தியே ப்ரெசோன். தெருப்படம் எடுப்பவர்கள் குருவாக மதிப்பவர். 1948 ஜனவரி 30 அன்று காந்தியைச் சந்தித்துப் படமெடுத்து விட்டு வந்த சில மணி நேரத்தில் காந்தி சுடப்பட்டார். இறுதி ஊர்வலத்தில் அழுத ஜனக்கூட்டத்தை அவர் எடுத்த படங்கள் உலகை உலுக்கின. 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி மறைந்தபோது திருவண்ணாமலையிலும் இருந்தார் அவர்.

இன்னொருவர் கதை இதற்கு நேர் எதிர். விவியன் மேயர். அமெரிக்காவின் சிகாகோவில் பணக்கார வீடுகளில் குழந்தைகளைப் பார்த்துக் கொள்ளும் ஆயா வேலை. ஓய்வு நேரத்தில் தெருத் தெருவாகப் படமெடுத்தார். யாருக்கும் காட்டவில்லை. பல ரோல்களைக் கழுவிக்கூடப் பார்க்கவில்லை. பொருட்களை வைத்திருந்த வாடகை அறைக்குப் பணம் கட்ட முடியாமல் போனதால், 2007-ல் அவரது பெட்டிகள் ஏலத்துக்கு வந்தன. வாங்கியவர் திறந்து பார்த்தார். எல்லாம் சேர்ந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள்! 20-ம் நூற்றாண்டின் மிகச் சிறந்த தெருப்படக் கலைஞர்களில் ஒருவர் என்று உலகம் கொண்டாட ஆரம்பித்தபோது, 2009-ல் அவர் மறைந்துவிட்டார். காட்டாத படம், எவ்வளவு நல்ல படமாக இருந்தாலும் ஓர் ஏலத் தொலைவில்தான் இருக்கிறது.

நம் ஊரிலும் ஒருவர் உண்டு. மதுரையைச் சேர்ந்த எம்.பழனிக்குமார். மீன் விற்ற அம்மாவின் பிள்ளை. 2013-ல் முதல் கேமராவை வாங்கினார். அம்மாவின் உழைப்பைப் படமெடுக்க ஆரம்பித்தவர், பிறகு தூய்மைப் பணியாளர்கள், கடல்பாசி எடுக்கும் பெண்கள் என்று உழைக்கும் மக்களின் பக்கம் கேமராவைத் திருப்பினார். கிராமப்புற இந்தியாவை ஆவணப்படுத்தும் 'பாரி' அமைப்பில் பணியாற்றுகிறார். தூய்மைப் பணியாளர், மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் படமெடுக்கவும் கற்றுத் தருகிறார். வெளியில் இருந்து வருகிறவர் எடுக்கும் படத்துக்கும், அந்தத் தெருவிலேயே வளர்ந்த பிள்ளை எடுக்கும் படத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அந்தப் பிள்ளைகளின் படங்கள் காட்டுகின்றன. கட்டடம் இல்லாவிட்டாலும் அதுவும் ஒரு பள்ளிதான்.

எங்கே எடுக்கலாம்?

கொங்குநாட்டில் தெருப்படத்துக்குப் பஞ்சமே இல்லை. விடியற்காலையில் மேட்டுப்பாளையம் ரோடு பூ மார்க்கெட். ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தைக்குக் காய் கொண்டு வரும் பெண்கள். உக்கடத்தில் மீன் இறங்கும் நேரம். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு ஒப்பணக்கார வீதி. மாசியில் கோனியம்மன் தேர், ராஜ வீதியில் திரும்பும் கணம். பேரூரில் நொய்யல் கரையில் திதி கொடுக்க வரும் குடும்பங்கள்.

ஊரைத் தாண்டினால் பொள்ளாச்சி மாட்டுச் சந்தை. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் கைகள். ஈரோட்டில் திங்கள் இரவு தொடங்கி விடிய விடிய நடக்கும் ஜவுளிச் சந்தை. ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தை. சித்திரையில் கண்ணபுரத்தில் காங்கேயம் காளைகள். ஷிப்ட் முடிந்து திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்து வெளியே வரும் கூட்டம்.

இவை அழகுக்காக மட்டுமல்ல, அவசரத்துக்காகவும் எடுக்கப்பட வேண்டியவை. ஊர் அவ்வளவு வேகமாக மாறுகிறது. உக்கடத்தில் 2024-ல் புது மேம்பாலம் வந்தது. 2025 அக்டோபரில் அவினாசி ரோட்டின் மேலே கோல்டுவின்ஸ் முதல் உப்பிலிபாளையம் வரை 10 கிலோ மீட்டருக்கு நீண்ட மேம்பாலம் திறக்கப்பட்டது. கேமராவோடு உலகம் சுற்றிய ஜி.டி.நாயுடுவின் பெயர்தான் அதற்கு! பாலம் வருவதற்கு முன் அந்த ரோடு எப்படி இருந்தது, எந்த பஸ் ஸ்டாப்பில் எந்த மரம் நின்றது, எந்த முனையில் இளநீர் விற்றார்கள் என்று பத்து வருடம் கழித்து ஒரு குழந்தை கேட்டால், பதில் யாரோ ஒருவருடைய செல்போனில்தான் இருக்கும். அந்த போன் தண்ணீரில் விழாமல் இருந்தால்!

''எடுத்துக்கலாமுங்களா?''

தெருவில் நிற்பவர் காட்சிப்பொருள் அல்ல என்பதுதான் இந்தக் கலையின் முதல் பாடம். கூட்டத்தை எடுப்பது வேறு. ஒருவர் முகத்தை நெருங்கி எடுப்பது வேறு. ''ஒரு போட்டோ எடுத்துக்கலாமுங்களா?'' என்று கேட்டு விட்டால் பாதிப் பிரச்னை தீர்ந்தது. 'வேண்டாம்' என்று தலையசைத்தால் கேமரா கீழே இறங்க வேண்டும். கேட்காமல் எடுத்த கணம் நன்றாக அமைந்துவிட்டால், போய்க் காட்டி விடுவது நல்ல பழக்கம். அழிக்கச் சொன்னால் அழிப்பது அதை விட நல்ல பழக்கம்.

குழந்தைகள் என்றால் பெற்றோரிடம் கேட்க வேண்டும். குளிக்கும் இடம், துக்க வீடு, ஆஸ்பத்திரி வாசல், போதையில் விழுந்து கிடப்பவர், இங்கெல்லாம் படத்தை விட மரியாதை பெரிது. அடுத்த வாரம் ஒரு பிரிண்ட் போட்டு அந்தப் பூக்கார அம்மாவிடம் கொடுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு அந்த மார்க்கெட்டே உங்களுக்குச் சொந்த வீடு மாதிரி ஆகிவிடும்.

படம் யாருக்குச் சொந்தம் என்பதிலும் பலருக்குக் குழப்பம். 1957-ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி, பணம் கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் ஏதும் இல்லையென்றால், முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவரே. அதாவது, உங்கள் வீட்டுக் கல்யாணப் படம் உங்களுடையது. தெருவில் தானாகவே எடுத்த படம் எடுத்தவருடையது. படம் எடுத்தவரின் ஆயுட்காலம் முழுக்கவும், அவர் மறைந்த அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் இருந்து 60 ஆண்டுகளுக்கும் உரிமை நீடிக்கும். உரிமை இருக்கிறது என்பதற்காக, தெருவில் எடுத்த ஒருவர் முகத்தை அவரிடம் கேட்காமல் விளம்பரத்துக்குக் கொடுப்பது முறையல்ல.

வீட்டிலேயே ஒரு மியூசியம்

பெரிய கட்டடம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம்.

1. முதலில் பெரியவர்களை உட்கார வைத்து ஆல்பத்தைப் புரட்டுங்கள். அவர்கள் சொல்வதை போனில் ரெக்கார்டு செய்யுங்கள். ஸ்கேன் செய்வது அடுத்த வாரம்கூட நடக்கும். நினைவு காத்திருக்காது.

2. யார், எங்கே, எந்த ஆண்டு, எந்த ஸ்டூடியோ. இந்த நான்கையும் படத்தின் பின்புற ஓரத்தில் பென்சிலால் லேசாக எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம். அழுத்தினால் முன்புறம் தெரியும், மையும் ஊறும். அட்டையில் ஸ்டூடியோவின் முத்திரை இருந்தால் அதையும் தனியாகப் படமெடுத்து வையுங்கள்.

3. சட்டத்தின் கண்ணாடியில் ஒட்டிக் கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள். கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் செய்யுங்கள், அல்லது ஜன்னல் வெளிச்சத்தில் சாய்வில்லாமல் படமெடுங்கள்.

4. லேமினேஷன் வேண்டவே வேண்டாம். செய்த பிறகு திரும்ப எடுக்க முடியாது. பசை ஒட்டிய பக்கங்கள் கொண்ட ஆல்பமும் காலப்போக்கில் படத்தைக் கெடுக்கும்.

5. நெகட்டிவைத் தூக்கிப் போடாதீர்கள். பிரிண்டை விட அதில் விவரம் அதிகம். ஓரத்தைப் பிடித்து எடுத்து, காகித உறையில் போட்டு, ஈரம் இல்லாத, வெயில் படாத இடத்தில் வையுங்கள். மச்சு மேல் சூடு, சமையலறை பக்கம் ஈரம். நடு அறை அலமாரி நல்லது.

6. சிறிய படங்களை 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த தேதி விவரமும் போய்விடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அப்படியே போகும்.

7. மூன்று பிரதி வையுங்கள். ஒன்று கணினியில், ஒன்று ஹார்டு டிஸ்கில், ஒன்று வெளியூரில் இருக்கும் உறவினர் வீட்டில்.

8. இன்று செல்போனில் எடுக்கும் படங்களுக்கும் இதே விதிதான். ஆயிரம் படம் எடுத்தால் பத்தைத் தேர்ந்தெடுத்து, ஊரும் பெயரும் எழுதி, பிரிண்ட் போட்டு வையுங்கள்.

பள்ளிக்கூடங்களும் இதில் இறங்கலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பழைய படம் கொண்டு வரட்டும். அதே இடத்துக்குப் போய், அதே கோணத்தில் இன்று ஒரு படம் எடுக்கட்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, வகுப்பறைச் சுவரில் மாட்டட்டும். பழைய மில் வாசல், இன்று ஒரு மால். பழைய வாய்க்கால், இன்று ஒரு ரோடு. வரலாற்றுப் பாடத்தை விட இது வேகமாகப் பிள்ளைகள் மனதில் ஏறும். ஆண்டு விழா அன்று பெற்றோரும் வந்து பார்த்தால், 'எங்க வீட்டிலும் ஒரு படம் இருக்குதுங்க' என்று இன்னும் நாலு பேர் கிளம்பி வருவார்கள். குருகிராம் மியூசியமும் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில், வந்தவர்களுக்குக் காட்டியதில் இருந்துதான் வளர்ந்தது.

குல்வந்த் ராய் குப்பை மேட்டில் தேடியது கிடைக்கவில்லை. ஆனால் பெட்டியில் போட்டு ஒருவரிடம் கொடுத்தது கிடைத்தது. கொடுத்ததுதான் நிலைத்தது. இன்று மாலை கடைவீதியில் நீங்கள் எடுக்கப் போகும் ஒரு சாதாரணப் படத்துக்கும் இது பொருந்தும். எடுங்கள், பெயர் எழுதுங்கள், நாலு பேருக்குக் காட்டுங்கள்.